வானத்தைப் பற்றிப் பத்துக் கேள்விகள்

பொங்கல் அன்று தாராவி 90 அடி சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? சாலை ஓரம் வரிசையாக அடுப்புகள் இருக்கும். அடுப்புகள் மேல் புதுப் பானைகள் இருக்கும். பால் பொங்கும்போது பெண்கள் குலவை போடுவார்கள். அந்த நேரத்தில் மும்பை மறந்துவிடும். திருநெல்வேலிச் சீமை நினைவுக்கு வரும்.

அந்தச் சாலையை ஒட்டி ஒரு சந்து. சந்தில் ஒரு படிப்பு மையம். அங்கே படிக்க வருகிறவர்கள் எல்லாரும் உழைப்பாளிகள். இட்லி விற்கும் அக்கா வருவார். தோல் பட்டறை அண்ணாச்சி வருவார். மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து டாக்சி ஓட்டும் அண்ணன் வருவார். செம்பூரில் வீட்டு வேலை செய்யும் பெரியம்மா வருவார். பாடம் சொல்லித் தர ஒரு தம்பி வருவார்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் மையத்தின் சார்பில் வினாடி வினா நடக்கும். ஒரு வருடம் வானத்தைப் பற்றிய வினாடி வினா நடந்தது. யாரோ ஒரு பொது அறிவுப் புத்தகத்திலிருந்து கேள்விகளை எடுத்து வந்தார்கள். இட்லிக்கார அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தார்.

“ஓர் ஒளி ஆண்டு என்பது எத்தனை கிலோ மீட்டர்?” என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள்.

அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அக்கா தலை குனிந்து மேடையை விட்டு இறங்கினார். மறுநாள் மையத்துக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகம் மையத்து அலமாரியிலேயே கிடந்தது.

கேட்டது ஒரே ஒரு கேள்வி. அது ஒருவரின் படிப்பையே நிறுத்திவிட்டது.

“நீங்களே கேள்வி எழுதுங்க”

மாதங்கள் போயின. அடுத்த பொங்கல் நெருங்கியது. பாடம் சொல்லும் தம்பியும் அண்ணாச்சியும் அக்காவின் வீட்டுக்குப் போனார்கள். அக்கா மாவு ஆட்டிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, எங்களை மறந்துட்டீங்களா?” என்றார் தம்பி.

“எனக்கு எதுக்குத் தம்பி படிப்பு? நாலு பேர் முன்னால சிரிப்பாச் சிரிச்சாச்சு” என்றார் அக்கா.

“தப்பு உங்க மேல இல்லைக்கா. கேள்வி மேலதான் தப்பு. இந்தத் தடவை கேள்விகளை நாமளே எழுதப் போறோம். பத்துக் கேள்வி. அதுல ஒண்ணு நீங்க எழுதணும்.”

அக்கா சிரித்தார். “விடை சொல்லவே தெரியாதவ கேள்வி எழுதுறதா?”

“கேள்வி எழுதுறது விடை சொல்றதை விடக் கஷ்டம், தங்கச்சி” என்றார் அண்ணாச்சி. “எல்லாரும் சேர்ந்துதான் எழுதப் போறோம். நீயும் வந்து உக்காரு. போதும்.”

அக்கா அன்று இரவு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் பாடம்: கேட்பவருக்குப் புரிய வேண்டும்

முதலில் பழைய கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்.

ஒளி ஓர் ஆண்டில் செல்லும் தூரமே ஓர் ஒளி ஆண்டு. அது ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோ மீட்டர். இந்த எண்ணை மனப்பாடம் செய்தவர் விடை சொல்வார். மற்றவர் விழிப்பார். விடை தெரிந்த பிறகும் மனத்தில் எதுவும் நிற்காது.

“ஆனா விஷயம் நல்ல விஷயம்தான். ஒளிக்கும் வந்து சேர நேரம் ஆகும். அதைத்தானே சொல்ல வராங்க?” என்றார் டாக்சி அண்ணன். “தாதர்லேருந்து செம்பூருக்கு வண்டி வர நேரம் ஆகுற மாதிரி.”

உடனே தம்பி கேள்வியை மாற்றி எழுதினார்:

“சூரியனிலிருந்து புறப்படும் ஒளி பூமிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அ. 8 வினாடி. ஆ. 8 நிமிடம். இ. 8 மணி.”

சரியான விடை 8 நிமிடம். சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோ மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒளி அவ்வளவு தூரம் வர 8 நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும். நாம் பார்க்கும் சூரியன் 8 நிமிடத்துக்கு முந்தைய சூரியன்!

விஷயம் மாறவில்லை. சொன்ன விதம் மாறியது. இப்போது தெரியாதவரும் யோசிக்கலாம். மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தவறாகச் சொன்னாலும் வெட்கம் இல்லை. விடையைக் கேட்டதும் வியப்பு வரும்.

புரியும் மொழியில் கேள்வி இருப்பது சின்ன விஷயம் இல்லை. 2025 ஆகஸ்ட் மாதம் மும்பையில் வானியல், வானியற்பியல் பன்னாட்டு ஒலிம்பியாட் போட்டி நடந்தது. 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். அதை நடத்தும் பொறுப்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் ஏற்றது. அந்த மையம் மான்குர்டில் இருக்கிறது. செம்பூரிலிருந்து ரயிலில் இரண்டாவது நிலையம்தான். இத்தகைய பன்னாட்டுப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வுக்கு முன்பே ஒவ்வொரு நாட்டு ஆசிரியர்களும் கேள்விகளைப் படித்து விவாதிப்பார்கள். தங்கள் மாணவர்களுக்காகத் தங்கள் மொழியில் பெயர்ப்பார்கள். உலகத்திலேயே கெட்டிக்கார மாணவர்களுக்கும் கேள்வி புரியும் மொழியில் இருக்க வேண்டியிருக்கிறது. நமக்கு வேண்டாமா?

இரண்டாம் பாடம்: ஒரு கேள்விக்கு ஒரே விடை

அண்ணாச்சி ஆர்வத்தோடு ஒரு கேள்வி எழுதினார். “சந்திரயான் திட்டத்தின் இயக்குநராக இருந்த தமிழர் யார்?”

“மயில்சாமி அண்ணாதுரை” என்றார் டாக்சி அண்ணன்.

“வீரமுத்துவேல்” என்றார் பெரியம்மா. “டி.வி.ல காட்டினாங்களே!”

இரண்டில் எது சரி? இரண்டும் சரி! 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. 2019இல் ஏவப்பட்ட சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர் வனிதா முத்தையா. 2023இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல். மூவரும் தமிழர்கள்.

அண்ணாச்சியின் கேள்விக்கு மூன்று விடைகள் இருந்தன. மேடையில் இப்படிக் கேட்டால் சண்டைதான் வரும். அதனால் அண்ணாச்சி மாற்றி எழுதினார்: “2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் யார்?” இப்போது விடை ஒன்றுதான்.

பெரியம்மா இன்னொரு கேள்வி சொன்னார். “பொங்கலுக்கு ஏத்த கேள்வி. சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள் எது?”

இதிலும் சிக்கல் இருந்தது. பஞ்சாங்கம் தை முதல் நாள் என்று சொல்லும். வானத்தைப் பார்த்தால் அது டிசம்பர் 21 அல்லது 22. அன்றுதான் நமக்குப் பகல் மிகக் குறைவு. மறுநாளிலிருந்து சூரியன் உதிக்கும் இடம் சிறிது சிறிதாக வடக்கே நகரும். முற்காலத்தில் இந்த இரண்டு நாட்களும் ஒன்றாகவே வந்தன. பூமியின் அச்சு பம்பரம் போல மிக மெதுவாகத் தலையாட்டுகிறது. அதனால் பல நூற்றாண்டுகளில் இடைவெளி விழுந்துவிட்டது.

“அப்படின்னா பொங்கல் தப்பா?” என்று பெரியம்மா கவலையோடு கேட்டார்.

“பொங்கல் தப்பு இல்லை பெரியம்மா. பொங்கல் அறுவடைத் திருநாள். சூரியனுக்கு நன்றி சொல்ற நாள். அது எப்பவும் சரிதான்” என்றார் தம்பி. “கேள்வியைத்தான் மாத்தணும்.”

கேள்வி இப்படி மாறியது: “மும்பையில் பகல் நேரம் மிகக் குறைவாக இருக்கும் நாள் எந்த மாதத்தில் வரும்?” விடை டிசம்பர். யார் மனமும் நோகவில்லை. விடையும் ஒன்றுதான்.

மூன்றாம் பாடம்: ஆண்டைச் சேர்த்து எழுது

மையத்து அலமாரியில் ஒரு பழைய அறிவியல் புத்தகம் இருந்தது. அதில் கோள்கள் 9 என்று எழுதியிருந்தது. ஆனால் அண்ணாச்சியின் மகன் பள்ளியில் 8 என்று படித்திருந்தான். அப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம்!

இருவரும் படித்தது அந்தந்தக் காலத்துக்குச் சரி. புளூட்டோ 1930இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஒன்பதாவது கோள் என்றார்கள். பிறகு அதைப் போன்ற வேறு சில சிறு உலகங்களும் தெரிய வந்தன. அவற்றையும் கோள்கள் என்று சொல்வதா? வானியலாளர்கள் 2006 ஆகஸ்ட் மாதம் பிராக் நகரில் கூடி முடிவு செய்தார்கள். புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தினார்கள். அது முதல் சூரியனுக்குக் கோள்கள் 8.

இன்னொரு உதாரணம். எந்தக் கோளுக்கு நிலாக்கள் அதிகம்? 2023 பிப்ரவரியில் வியாழன் என்று செய்தி வந்தது. அதே ஆண்டு மே மாதம் சனி முந்திவிட்டது. 2025 மார்ச்சில் சனிக்கு மேலும் 128 நிலாக்கள் சேர்ந்தன. மொத்தம் 274 ஆயிற்று. நாளை இன்னும் கூடலாம்.

அதனால் மாறக்கூடிய விஷயத்தைக் கேட்கும்போது ஆண்டைச் சேர்த்து எழுத வேண்டும். “2025 மார்ச் கணக்குப்படி” என்று எழுத வேண்டும். விடையை எந்த நாளில் சரிபார்த்தோம் என்றும் அட்டையின் பின்பக்கம் குறித்து வைக்க வேண்டும். பழைய புத்தகம் பொய் சொல்வதில்லை. அது தன் காலத்தைச் சொல்கிறது.

நான்காம் பாடம்: நாமே சரிபார்ப்போம்

டாக்சி அண்ணன் எழுதிய கேள்வி இது: “சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிழல் இல்லாமல் போகும் நேரம் எது?” விடை என்று பகல் 12 மணியை எழுதியிருந்தார்.

“பார்த்தீங்களா அண்ணே?” என்று தம்பி கேட்டார்.

“இதுல பார்க்க என்ன இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!”

“ஞாயிற்றுக்கிழமை பார்த்துடுவோம்.”

அது டிசம்பர் மாதம். பக்கத்துத் திடலில் ஒரு மீட்டர் நீளக் குச்சியை நேராக நட்டார்கள். 12 மணிக்கு நிழல் நன்றாகவே விழுந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். நிழல் இன்னும் குறைந்துகொண்டே வந்தது. 12 மணி 40 நிமிடம் வாக்கில்தான் மிகவும் குட்டையானது. அப்போதும் மறையவில்லை! ஏறத்தாழ 90 சென்டி மீட்டர் நீளம் இருந்தது. பிறகு மறுபடி நீளத் தொடங்கியது.

டாக்சி அண்ணன் வாயில் கை வைத்தார். ஐம்பது வயது வரை நம்பிய விஷயம் ஒரு குச்சியில் மாறிவிட்டது.

காரணம் இதுதான். இந்தியா முழுவதும் ஒரே கடிகார நேரம். அந்த நேரம் நாட்டின் நடுப்பகுதி வழியே செல்லும் ஒரு கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மும்பை அதற்கு வெகு தூரம் மேற்கே இருக்கிறது. அதனால் சூரியன் இங்கே உச்சிக்கு வர அரை மணிக்கு மேல் தாமதமாகும்.

உச்சிக்கு வந்தாலும் சூரியன் தினமும் தலைக்கு நேர் மேலே வருவதில்லை. மும்பையில் ஆண்டுக்கு இரண்டு நாட்களில் மட்டுமே அப்படி வரும். ஒன்று மே 15 வாக்கில். மற்றொன்று ஜூலை 28 வாக்கில். ஜூலையில் மழை மேகம் மறைத்துவிடும். மே மாதத்தில் பார்க்கலாம். திருநெல்வேலியில் இந்த நாள் ஏப்ரல் நடுவிலேயே வந்துவிடும். டில்லியில் ஒரு நாளும் வராது. அது அவ்வளவு வடக்கே இருக்கிறது.

எல்லாவற்றையும் குச்சி நட்டுப் பார்க்க முடியாது. அப்போது இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும். ஒரு புத்தகத்தை மட்டும் நம்பக் கூடாது. மும்பையில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இடங்கள் உண்டு. வொர்லியில் நேரு கோளரங்கம் 1977இல் தொடங்கப்பட்டது. அங்கேயே நேரு அறிவியல் மையம் 1985இல் தொடங்கப்பட்டது.

ஐந்தாம் பாடம்: நம் வாழ்க்கையைத் தொட வேண்டும்

“வானத்தைப் பத்திக் கேட்டா எனக்கு என்ன லாபம்? மேல இருக்குறது மேலயே இருக்கட்டும்” என்றார் பெரியம்மா.

அண்ணாச்சி பதில் சொன்னார். “2005 ஜூலை 26ஐ மறந்துட்டீங்களா?”

யாரும் மறக்கவில்லை. அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை பதிவானது. மித்தி ஆறு கரை மீறியது. தாராவியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மழை மட்டும்தான் காரணமா? இல்லை. மித்தி ஆறு மாஹிமில் கடலோடு சேர்கிறது. கடல் ஏற்றத்தின்போது ஆற்று நீரும் சாக்கடை நீரும் கடலுக்குள் போக முடியாது. கடலே எதிர்த்துத் தள்ளும். கடல் ஏற்றத்தைத்தான் மும்பையில் ஹை டைட் என்கிறார்கள்.

கடல் ஏன் ஏறுகிறது? நிலா இழுக்கிறது! சூரியனும் கொஞ்சம் இழுக்கிறது. மும்பைக் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறும். இரண்டு முறை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி நிலாவும் சூரியனும் ஒரே கோட்டில் இழுக்கும். அப்போது ஏற்றம் அதிகம். அந்த நாட்களில் பெருமழையும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். மழைக்காலத்துக்கு முன் கடல் மிக உயரமாக ஏறும் நாட்களின் பட்டியலை மும்பை மாநகராட்சி வெளியிடுகிறது. அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர் அரிசி மூட்டையை முன்கூட்டியே மேலே ஏற்றி வைப்பார்.

பெரியம்மா உடனே நோட்டை எடுத்தார். அவர் எழுதிய கேள்வி: “கடல் ஏறி இறங்குவதற்கு முக்கியக் காரணம் எது? அ. காற்று. ஆ. நிலா. இ. மழை.”

ஆறாம் பாடம்: கேள்வியால் தீங்கு வரக் கூடாது

“கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாமா?” இது இன்னொருவர் எழுதிய கேள்வி. கேட்பதற்கு எளிதாக இருந்தது. ஆனால் எந்தக் கிரகணம்?

சந்திர கிரகணம் என்றால் பார்க்கலாம். கண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை. சூரிய கிரகணம் என்றால் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. அதற்கென்று செய்த பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். கூலிங் கிளாஸ் போதாது. புகை பிடித்த கண்ணாடித் துண்டும் எக்ஸ்ரே படமும் வேண்டவே வேண்டாம். அட்டையில் குண்டூசித் துளை போட்டுச் சூரியனின் உருவத்தைத் தரையில் விழச் செய்யலாம். சூரியனைப் பார்க்காமல் அந்த உருவத்தைப் பார்க்கலாம்.

மற்றக் கேள்வியில் தவறு வந்தால் மதிப்பெண் போகும். இந்தக் கேள்வியில் தவறு வந்தால் கண் போகும். அதனால் “சூரிய கிரகணம்” என்று தெளிவாக எழுதினார்கள்.

கிரகணத்தின்போது கர்ப்பிணிகளைப் பட்டினி போட்டு இருட்டறையில் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. கிரகணம் என்பது நிழல். நிலாவின் நிழல் பூமியில் விழுந்தால் சூரிய கிரகணம். பூமியின் நிழல் நிலாவில் விழுந்தால் சந்திர கிரகணம். நிழலால் வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு வராது. பட்டினியால் தாய்க்குத் தீங்கு வரலாம். விடை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வது என்று முடிவானது.

அக்காவின் கேள்வி

ஒன்பது கேள்விகள் ஆயின. அக்கா இன்னும் எழுதவில்லை.

“தம்பி, நான் மூணு மணிக்கே எந்திரிச்சு அடுப்பு மூட்டுறவ” என்று மெதுவாகச் சொன்னார். “இட்லிக் கூடையைத் தூக்கிட்டு வெளிய வரும்போது கிழக்கே விடிவெள்ளி தெரியும். சில மாசம் நல்லாத் தெரியும். அப்புறம் காணாமப் போயிடும். அப்புறம் சாயங்காலம் மேற்கே அதே மாதிரி ஒண்ணு வரும். ஆனா காலையிலயும் சாயங்காலமும் சேர்ந்து நான் பார்த்ததே இல்லை. ரெண்டும் ஒண்ணுதானோ?”

எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒண்ணுதான் அக்கா!” என்றார் தம்பி. “எந்தப் புத்தகத்தையும் படிக்காம நீங்களே கண்டுபிடிச்சிருக்கீங்க.”

விடிவெள்ளி விண்மீன் இல்லை. அது வெள்ளி என்னும் கோள். அதற்குச் சொந்த ஒளி இல்லை. சூரிய ஒளி பட்டு மின்னுகிறது. வெள்ளி நம் பூமியை விடச் சூரியனுக்கு அருகில் சுற்றுகிறது. அதனால் நமக்கு அது சூரியனை விட்டு வெகு தூரம் விலகித் தெரியாது. சில மாதம் விடியலுக்கு முன் கிழக்கே தெரியும். சில மாதம் அந்தி நேரத்தில் மேற்கே தெரியும். சூரியனின் பக்கம் வரும்போது கண்ணுக்குத் தெரியாமல் போகும். நள்ளிரவில் மும்பை வானத்தில் அதைப் பார்க்கவே முடியாது.

அக்கா பென்சிலை எடுத்தார். எழுத்து எழுத்தாக எழுதினார்: “விடிவெள்ளி என்பது எது? அ. விண்மீன். ஆ. கோள். இ. நிலா.”

ஒரு சொல்லில் மட்டும் பிழை இருந்தது. அவரே அழித்துத் திருத்தினார்.

பொங்கல் மாலை

பொங்கல் அன்று மாலை நல்ல கூட்டம். முதலில் எளிய கேள்விகள் வந்தன. பிறகு சற்றுக் கடினமானவை வந்தன. விடை தவறினால் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு விடைக்கும் பிறகு ஏன் என்ற விளக்கமும் வந்தது. தன் கேள்வியை ஒலிபெருக்கியில் அக்காவே வாசித்தார். குரல் நடுங்கியது. ஆனாலும் கடைசி வரை வாசித்தார்.

கடைசிக் கேள்வி: “திருவாதிரை நட்சத்திரத்தின் நிறம் என்ன? அ. வெள்ளை. ஆ. நீலம். இ. செம்மை.”

யாரும் உடனே விடை சொல்லவில்லை. “விடையை நாங்க சொல்லப் போறதில்லை. மேல பாருங்க” என்றார் தம்பி. மேடை விளக்குகளை அணைத்தார்கள். மணி எட்டு. கிழக்கே பார்த்தபோது வானத்தில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் தெரிந்தன. அவற்றுக்கு இடப்பக்கம் சற்றுத் தள்ளி ஒரு பெரிய விண்மீன்.

“சிவப்பா இருக்கு!” என்று ஒரு சிறுவன் கத்தினான்.

கூட்டமே அண்ணாந்து பார்த்தது. அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டுப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. அன்று தாராவியில் வந்து விழுந்தது.

மறுநாள் மையத்தில் அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நினைவில் கொள்வோம்

1. கேட்பவருக்குப் புரியும் சொல்லில் கேள்வி எழுத வேண்டும்.
2. ஒரு கேள்விக்கு ஒரே விடை இருக்க வேண்டும்.
3. மாறக்கூடிய விஷயத்துக்கு ஆண்டையும் இடத்தையும் எழுத வேண்டும்.
4. விடையை நாமே பார்த்து, அல்லது இரண்டு இடங்களில் படித்துச் சரிபார்க்க வேண்டும்.
5. கேள்வி நம் வாழ்க்கையைத் தொட வேண்டும்.
6. கேள்வியால் யாருக்கும் தீங்கோ அவமானமோ வரக் கூடாது.

பயிற்சி

அ. கீழே உள்ள கேள்விகளில் என்ன குறை? திருத்தி எழுதுங்கள்.

1. நிலா எப்போது உதிக்கும்?
2. மொத்தம் எத்தனை கோள்கள்?
3. கிரகணம் எதனால் வருகிறது?

ஆ. சரியா, தவறா?

1. நிலாவுக்குச் சொந்த ஒளி உண்டு.
2. டில்லியில் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் நிழல் மறையும்.
3. சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம்.

இ. இன்று இரவு வெளியே வந்து ஐந்து நிமிடம் வானத்தைப் பாருங்கள். பார்த்ததை வைத்து ஒரு கேள்வி எழுதுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள்.

விடைகள்

அ. 1. நிலா நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். அதனால் எந்த நாள் என்று எழுத வேண்டும். பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி உதிக்கும். 2. சூரியனைச் சுற்றும் கோள்கள் என்றும், 2006க்குப் பிந்தைய கணக்கு என்றும் எழுத வேண்டும். வேறு விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டு. 3. சூரிய கிரகணமா, சந்திர கிரகணமா என்று எழுத வேண்டும்.

ஆ. 1. தவறு. 2. தவறு. 3. சரி.